வலமிருந்து இடமாக: செல்போனிலும் பீங்கானிலும் அரபு எழுத்து ஏன் குலைகிறது?



விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள தொழிற்பேட்டைச் சூளைகளிலிருந்து பொம்மைகளும் அகல் விளக்குகளும் வெளியூர்களுக்குப் போகின்றன. பச்சை மண்ணாக இருக்கும்வரை எதையும் திருத்தலாம், சூளையில் வெந்து வந்தபின் உடைக்கத்தான் முடியும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்று நம் வீடுகளில் அரபு எழுத்து இல்லாத இடம் குறைவு. வாசலில் 'மாஷா அல்லாஹ்' டைல்ஸ், கூடத்துச் சுவரில் ஆயத்துல் குர்ஸி, மதரஸா ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பீங்கான் கப், நிகாஹ் அழைப்பிதழ், பள்ளிவாசல் பெயர்ப்பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுக்கொரு செல்போன். இவை எல்லாவற்றுக்குமான எழுத்து இப்போது ஏதோ ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான் உருவாகிறது. அந்தத் திரைக்கு முன் அமர்ந்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் அரபு ஓதத் தெரியாதவர்கள். அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் விளைவு நம் கண் முன்னே இருக்கிறது.

மூன்று வகைக் குறைகளை அடிக்கடி பார்க்கிறோம். ஒன்று, சேர்ந்து நிற்க வேண்டிய எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்பது. இரண்டு, சொல் அப்படியே திரும்பி, கடைசி எழுத்து முதலில் வருவது. மூன்று, எழுத்துகள் சரியாக இருந்தும் வசன எண், தேதி, தொலைபேசி எண் ஆகியவை இடம் மாறி நிற்பது. அல்லாஹ்வின் கலாம் இப்படிக் குலைந்து அச்சாவதைப் பார்த்து வருந்துகிறோம். சிலர் கடைக்காரரைக் கோபித்துக்கொள்கிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இவற்றில் பெரும்பாலானவற்றை அச்சுக்கு முன்பே தடுத்துவிடலாம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் நிலைமை அரபு நாட்டு நிலைமை அல்ல

வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குத் திரை அமைப்பது பற்றி நிறைய வழிகாட்டிகள் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு செல்போன்களில் 2012இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே, போனின் மொழியை அரபு அல்லது உர்தூவாக வைத்தால் திரை முழுவதும் தானாக வலமிருந்து இடமாக மாறிக்கொள்ளும் வசதி உண்டு. ஐபோனில் இதே வசதி 2015இல் வந்தது. பின்செல்லும் அம்புக்குறி வலப்பக்கம் வந்துவிடும். பட்டியல்கள் வலது ஓரத்திலிருந்து தொடங்கும்.

ஆனால் நம் குடும்பங்களில் யாரும் போனை அரபு மொழியில் வைத்துக்கொள்வதில்லை. போன் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதற்குள் குர்ஆன் செயலி, துஆக்கள், பிள்ளைகளின் மக்தப் பாடம் என்று அரபு பகுதி பகுதியாக வரும். நாம் வாழ்வது இடமிருந்து வலமாக ஓடும் தமிழ் உலகில். நாம் ஓதுவது வலமிருந்து இடமாக ஓடும் அரபு. ஒரே பக்கத்தில், சில சமயம் ஒரே வரியில் இரண்டும் சந்திக்கின்றன. 'முழுத் திரையையும் திருப்பிவிடு' என்ற எளிய வழி நமக்கு உதவாது. எது திரும்ப வேண்டும், எது திரும்பக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத்துகள் ஏன் பிரிந்து போகின்றன?

அரபு எழுத்து 28. ஒவ்வோர் எழுத்தும் சொல்லில் தான் நிற்கும் இடத்தைப் பொறுத்து உருமாறும். தனியாக ஓர் உரு, சொல்லின் தொடக்கத்தில் ஓர் உரு, நடுவில் ஓர் உரு, இறுதியில் ஓர் உரு. அலிஃப், தால், ஃதால், ரா, ஸா, வாவ் ஆகிய ஆறு மட்டும் தமக்கு அடுத்து வரும் எழுத்தோடு சேராது. மக்தபில் முதல் கைதா முடித்த பிள்ளைக்கே இது தெரியும்.

கம்ப்யூட்டர் இந்த நான்கு உருவங்களையும் தனித்தனியாகச் சேமிப்பதில்லை. எழுத்தை மட்டும், ஓதும் வரிசையில் முதலில் வருவதை முதலாக வைத்துச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் எந்த உரு வேண்டும், எந்தப் பக்கமிருந்து அடுக்க வேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்கிறது. அந்த அறிவு இல்லாத மென்பொருள் எல்லா எழுத்தையும் தனி உருவில், இடமிருந்து வலமாக அடுக்கிவிடும். எழுத்துகள் பிரிவதும் சொல் திரும்புவதும் இப்படித்தான் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இது அரபுக்கு மட்டும் உள்ள தொல்லை என்று எண்ண வேண்டாம். தமிழில் 'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் முதலில் ககரத்தையும் பிறகு கொம்பையும் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். சேமிக்கும் வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு என்பது தமிழனுக்கும் பழகிய விஷயம்தான்.

அதனால்தான் இரண்டுக்கும் தீர்வும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஃபோட்டோஷாப்பின் பழைய பொதுப் பதிப்புகளில் அரபு சேராது. மத்திய கிழக்கு நாடுகளுக்கென்று தனிப் பதிப்பு விற்றார்கள். பிந்தைய பதிப்புகளின் எழுத்து அமைப்பில் 'மத்திய கிழக்கு மற்றும் தெற்காசியம்' என்ற தேர்வு வந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் அரபும் சேரும், யூனிகோடு தமிழும் சரியாக வரும். டிசைனர் தம்பியிடம் நாம் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரிதான்.

சில டிசைனர்கள் இன்னொரு தந்திரம் செய்கிறார்கள். சொல் திரும்பி வருகிறது என்று கண்டதும், எழுத்துகளைத் தாங்களே பின்னிருந்து முன்னாகத் தட்டச்சு செய்து பார்வைக்குச் சரியாக்கிவிடுகிறார்கள். அந்தக் கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில், அரபு தெரிந்த மென்பொருளில் திறந்தால் மறுபடியும் திரும்பிவிடும். நோட்டீஸில் சரியாக இருந்தது பேனரில் தவறாக வந்தது எப்படி என்று பலர் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பிடிஎஃப் கோப்பிலிருந்து அரபு வசனத்தை நகலெடுத்து ஒட்டும்போதும் எழுத்து வரிசை குலைய வாய்ப்பு உண்டு. ஆகவே வசனத்தை நம்பகமான குர்ஆன் தளத்திலிருந்தோ செயலியிலிருந்தோ எழுத்தாகவே எடுக்க வேண்டும். அல்லது ஓதத் தெரிந்த ஒருவர் சரிபார்த்த படமாகக் கொடுக்க வேண்டும்.

எண்கள் ஏன் இடம் மாறுகின்றன?

இதுதான் நம்மவர்களை அதிகம் குழப்புவது. ஏனென்றால் இங்கே மென்பொருள் தவறு செய்யவில்லை; அதற்கென்று வகுத்த விதிப்படி நடக்கிறது.

யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு திசைக் குணம் உண்டு. தமிழ், ஆங்கில எழுத்துகளுக்கு இடமிருந்து வலம் என்ற உறுதியான திசை. அரபு எழுத்துகளுக்கு வலமிருந்து இடம் என்ற உறுதியான திசை. எண்களின் திசை பலவீனமானது. இடைவெளி, அடைப்புக்குறி, சிறு கோடு போன்றவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. அக்கம்பக்கத்தைப் பார்த்து நடந்துகொள்ளும்.

ஒரு தமிழ் வரியில் அல்பகரா என்று அரபில் எழுதி, அதை ஒட்டி 255-257 என்று வசன எண் போட்டால் என்ன ஆகும்? எண்கள் முன்னால் உள்ள அரபுச் சொல்லின் திசைக்குள் இழுக்கப்பட்டு அதன் இடப்பக்கம் போய் நிற்கும். நடுவில் உள்ள சிறு கோட்டுக்குத் திசை இல்லாததால் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று இடம் மாறும். படிப்பவர் கண்ணுக்கு 257-255 என்று தெரியும். 2:255 என்று முக்காற்புள்ளி இட்டு எழுதினால் எண்கள் இடம் மாறாது. ஆனால் அதுவும் அரபுச் சொல்லுக்கு இடப்பக்கம் போய்விடும்.

வசன எண் மாறினால் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். ஜகாத், ஸதகா கேட்டு மதரஸா வெளியிடும் நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். மதரஸாவின் பெயரை அரபில் எழுதி, அதை ஒட்டியே ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்துச் செல்போன் எண்ணைப் போட்டால், எண்ணின் பின்பாதி முன்னால் வந்துவிடும். அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பினால் அது யாருக்குப் போகும்? 12-03-2025 என்ற தேதியும் இப்படியே 2025-03-12 என்று திரும்பி நிற்கும்.

வாட்ஸ்அப் போன்றவற்றில் வேறொரு குழப்பம் பார்த்திருப்பீர்கள். செய்தியை அரபு ஸலாமில் தொடங்கி, அதே பத்தியில் தமிழில் தொடர்ந்தால் தமிழ் வரிகள் எல்லாம் வலது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். முற்றுப்புள்ளி வரியின் இடது முனையில் போய் நிற்கும். பல செயலிகள் பத்தியின் முதல் எழுத்து எந்த மொழி என்று பார்த்தே முழுப் பத்தியின் திசையையும் முடிவு செய்வதே இதற்குக் காரணம்.

தீர்வு எளியது. அரபை எப்போதும் தனி வரியில் எழுதுங்கள். ஒரே வரியில் எழுதியே ஆக வேண்டுமென்றால், அரபுச் சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே 'வசனம்', 'தொலைபேசி', 'நாள்' என்று ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். அந்தத் தமிழ்ச் சொல் எண்ணைத் தன் திசைக்கு இழுத்துக்கொள்ளும். இணையதளம், செயலி தயாரிக்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு சொல்: 2013இல் வந்த யூனிகோடு 6.3 பதிப்பில், ஒரு மொழிப் பகுதியைச் சுற்றி வேலி போட்டதுபோல் தனிமைப்படுத்தும் குறிகள் வந்துவிட்டன. உள்ளே இருப்பது வெளியே உள்ளதைக் குலைக்காது. ஹெச்டிஎம்எல்லிலும் இதற்கென்று 'பிடிஐ' என்ற குறி உண்டு. ஒவ்வோர் அரபுப் பகுதியையும் இப்படிச் சுற்றிவைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியை இங்கே சொல்லலாம். அரபில் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடினாலும், எண்ணின் பெரிய இலக்கம் இடப்பக்கம்தான் நிற்கும். 255 என்பதை அரபு இலக்கங்களில் எழுதினாலும் 2 இடப்பக்கமே. ஆனால் சொல்லும்போது 25 என்பதை 'ஐந்தும் இருபதும்' என்றே அரபியர் சொல்வர். அரபு நாடுகளில் வழங்கும் அந்த இலக்கங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இந்திய இலக்கங்கள்'. ஒரே வரியில் இரண்டு திசைகள் இருப்பது அரபுக்கும் புதிதல்ல.

எது திரும்ப வேண்டும், எது திரும்பக் கூடாது?

இப்போது செயலியின் திரைக்கு வருவோம். முஸ்ஹஃபின் கட்டு வலப்பக்கம் இருக்கிறது. அடுத்த பக்கம் இடப்பக்கம் இருக்கிறது. ஆகவே குர்ஆன் செயலியிலும் அடுத்த பக்கம் இடப்பக்கமிருந்தே வர வேண்டும். விரல் இடமிருந்து வலமாகத் தள்ள வேண்டும். தமிழ்ப் பாடநூல் செயலியில் இதற்கு நேர்மாறு. முஸ்ஹஃபில் ஓதிப் பழகும் பிள்ளைக்குச் செயலி வேறு திசையில் புரண்டால், பக்கத்தில் வசனம் இருக்கும் இடத்தைக் கண்ணால் நினைவில் வைத்து மனனம் செய்யும் ஹிஃப்ளு மாணவனுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். போனின் மொழி தமிழாக இருந்தாலும் முஸ்ஹஃப் பக்கம் அரபுத் திசையில் புரள வேண்டும் என்று செயலி செய்பவர் தனியாகக் கட்டளையிட வேண்டும்.

மொழிபெயர்ப்பைக் காட்டும் பக்கத்தில் அரபு வலது ஓரத்திலிருந்தும், தமிழ் இடது ஓரத்திலிருந்தும் தொடங்க வேண்டும். இரண்டையும் நடுவில் நிறுத்தினால் பார்வைக்கு அழகாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் நீண்ட வசனத்தை ஓதும் பெரியவர்கள் வரியைத் தவறவிடுவார்கள்.

திரும்பக் கூடாதவையும் உண்டு. கடிகார முள் எல்லா நாட்டிலும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. தொழுகை நேரம் காட்டும் கடிகாரப் படத்தைத் திருப்பக் கூடாது. கிராஅத் ஒலிப்பதிவை ஓடவிடும் முக்கோணப் பொத்தானையும், அது ஓடும் கோட்டையும் திருப்ப வேண்டாம் என்பது கூகுள் நிறுவனத்தின் வடிவமைப்பு வழிகாட்டியிலேயே உள்ளது. ஒலிநாடா ஓடும் திசையைக் குறிப்பவை அவை; எழுத்தின் திசையை அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படங்கள். போஸ்டரின் அமைப்புக்கு ஏற்ப ஒரு படத்தை 'ஃப்ளிப்' செய்வது டிசைனர்களுக்கு ஒரு நொடி வேலை. தவாஃப் செய்யும் காட்சியை அப்படித் திருப்பினால் என்ன ஆகும்? கஅபா இடப்புறம் இருக்கும்படி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது தவாஃப். திருப்பிய வீடியோவில் ஹாஜிகள் எல்லோரும் தவறான பக்கம் சுற்றுவார்கள். தொழுகைப் படத்தைத் திருப்பினால் இடது கை வலது கையின் மேல் வந்துவிடும். ஒளுச் செய்யும் படத்தில் இடது கையை முதலில் கழுவுவதாகத் தெரியும். அத்தஹிய்யாத்தில் இடது விரல் நீளும். பெரியவர்கள் பார்த்தால் புரிந்துகொள்வார்கள். அந்தப் படத்தைப் பார்த்தே தொழுகை கற்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு யார் சொல்வது?

செல்போனின் முன்பக்கக் கேமராவில் வீடியோ எடுக்கும் உஸ்தாதுகளும் இதைக் கவனிக்க வேண்டும். போனின் அமைப்பைப் பொறுத்து, பதிவும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியே சேமிக்கப்படலாம். பின்னால் உள்ள கரும்பலகை எழுத்து திரும்பியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தொழுகை, ஒளு கற்றுத் தரும் வீடியோவைக் கற்பிப்பவரின் பின்புறமிருந்து எடுத்தால், பிள்ளையின் வலதும் திரையில் உள்ளவரின் வலதும் ஒரே பக்கம் அமையும்.

எழுத்தின் அளவும் உருவும்

தமிழுக்கு வைத்த எழுத்து அளவையே அரபுக்கும் வைத்தால் அரபு சிறியதாகத் தெரியும். ஜபர், ஜேர், பேஷ், ஷத்து என்று எழுத்தின் மேலும் கீழும் குறிகள் வருவதால், வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் வேண்டும். இல்லாவிட்டால் மேல் வரியின் ஜேரும் கீழ் வரியின் ஜபரும் மோதிக்கொள்ளும். அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடுவது ஆங்கிலத் தலைப்புக்குப் பொருந்தும். சேர்ந்து ஓடும் அரபை அது உடைத்துவிடும். எழுத்தைச் சாய்ப்பதும் அரபு மரபில் இல்லை.

ஒரு புள்ளியின் மதிப்பு நமக்குத் தெரியும். 'கல்ப்' என்று தமிழில் ஒரே மாதிரி எழுதுகிறோம். இரட்டைப் புள்ளியுள்ள காஃபில் எழுதினால் இதயம். மற்றக் காஃபில் எழுதினால் நாய். மங்கலான சின்ன எழுத்தில் புள்ளி தெரியாமல் போனால் பொருளும் போய்விடும். நபி (ஸல்) அவர்களின் பெயருக்குப் பின் ஸலவாத்தை ஒரே குறியாகப் போடும் வசதி யூனிகோடில் உண்டு. தமிழ் எழுத்தின் சின்ன அளவில் அது பெரும்பாலும் கருப்புத் திட்டாகத்தான் தெரிகிறது. சில போன்களில் வெறும் கட்டமாகவும் வரலாம். அந்த இடத்தில் '(ஸல்)' என்று தமிழில் எழுதுவதே வாசிப்பவருக்கு உதவி.

இன்னொன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நம் பகுதி மக்தபுகளில் பல பிள்ளைகள் இந்தியாவில் அச்சாகும் முஸ்ஹஃபின் எழுத்து முறையில் ஓதக் கற்கிறார்கள். செயலிகளில் பலவும் மதீனா மன்னர் ஃபஹத் அச்சகத்தின் முறையைத் தருகின்றன. ஓதுவது ஒன்றே, ஆனால் ஸுகூனின் வடிவம், நீட்டல் குறிகள், நிறுத்தக் குறிகள் ஆகியவை வேறுபடும். தொடக்க நிலைப் பிள்ளைக்கு இது தடுமாற்றம் தரும். பல செயலிகளில் எழுத்து முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. உஸ்தாதிடம் கேட்டு, மக்தபில் ஓதும் முறையையே வீட்டுப் போனிலும் வையுங்கள்.

நம் முன்னோர் செய்து காட்டியது

இரண்டு திசைகளை ஒன்றாக வைத்து வாழ்வது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிய சோதனை அல்ல. அர்வி எனப்படும் அரபுத்தமிழ் அதற்குச் சாட்சி. தமிழ் மொழியை, வலமிருந்து இடமாக, அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி, பத்துக்கும் மேற்பட்ட புதிய எழுத்துகளை அமைத்தார்கள். ளாத் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்து ழகரத்தைப் பெற்றார்கள். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியவர்கள் மார்க்க நூல்களை இந்த எழுத்தில் தந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் பலர் தொழுகைச் சட்டங்களை அறிந்தது இதன் வழியே.

அச்சு வந்தபோது அரபு எழுத்தின் ஒவ்வோர் உருவையும் ஈயத்தில் வார்ப்பது பெரும் செலவு. கல்லச்சில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்தர் கையால் எழுதியது அப்படியே அச்சாகும். சென்னையில் 1927இல் தொடங்கிய 'முசல்மான்' உர்தூ நாளிதழ் கணினிக் காலத்திலும் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்ததை உலகமே வியந்து பார்த்தது. உர்தூவின் நஸ்தஅலீக் எழுத்து சரிந்து இறங்குவது. அதை இயந்திரத்துக்குக் கற்பிப்பது கடினம். 1994இல் டெல்லியில் உருவான 'இன்பேஜ்' மென்பொருள்தான் அந்த வேலையை உர்தூ அச்சகங்களுக்கு எளிதாக்கியது.

அரபு மூலத்தோடு வரும் தமிழ்க் குர்ஆன் மொழிபெயர்ப்புகளில் பலவற்றைப் பாருங்கள். நூல் வலப்பக்கம் கட்டப்பட்டிருக்கும். பக்கங்கள் அரபு வரிசையில் புரளும். தமிழ் வரிகள் மட்டும் தமிழுக்குரிய திசையில் ஓடும். நூலின் திசை வேறு, வரியின் திசை வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். இன்றைய செயலி வடிவமைப்பாளர்களிடம் நாம் கேட்பதும் இதைத்தான்.

அர்விக்குரிய சில எழுத்துகள் நீண்ட காலம் கம்ப்யூட்டரில் இல்லாமலே இருந்தன. 2015இல் வந்த யூனிகோடு 8.0 பதிப்பில் அர்விக்காகவே எழுத்துகள் சேர்க்கப்பட்டன. யாரோ ஆவணங்களைத் திரட்டி, முறையாகக் கேட்டதால் நடந்தது அது. வீட்டுப் பரணில் பாட்டியின் அர்வி கிதாப் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே யூனிகோடில் ஏற்றிவிட்டால், பேரப்பிள்ளைகள் தேடிப் படிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.

வலமிருந்து இடமாக எழுதுவதால்தான் அரபு புனிதம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஹீப்ருவும் அப்படித்தான் எழுதப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் செருப்பு அணிவது, தலை வாருவது, சுத்தம் செய்வது போன்றவற்றில் வலப்புறத்திலிருந்து தொடங்குவதை விரும்பினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அது தமிழ் எழுத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கு ஆதாரமாகாது. மொழிகள் வேறுபட்டிருப்பதே தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். நாம் அரபின் திசையைக் காக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: திசை குலைந்தால் சொல் குலைகிறது, சொல் குலைந்தால் அது ஆயத்தாக இருப்பதில்லை.

பீங்கானுக்கும் டைல்ஸுக்கும் தனிக் கவனம்

கப், தட்டு போன்றவற்றில் வெப்பத்தால் எழுத்தை ஏற்றும் முறையில், தாளில் முதலில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிடுவார்கள். அதைக் கப்பின் மேல் சுற்றி அழுத்தும்போது எழுத்து நேராக வரும். திருப்ப மறந்துவிட்டால் தமிழ் எழுத்து என்றால் யாரும் உடனே கண்டுபிடிப்பார்கள். அரபு என்றால் ஓதத் தெரியாதவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே தாளை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லாமல், ஒரு கப்பில் ஏற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு நூறு கப்புக்கு ஆர்டர் கொடுங்கள்.

ஒரே வசனம் பல டைல்ஸ்களில் பிரிந்து வருவதாக இருந்தால், ஒட்டுபவர் வழக்கப்படி இடமிருந்து தொடங்கிவிடக்கூடும். ஒவ்வொரு டைல்ஸின் பின்புறமும் வரிசை எண் போட்டு, முதல் எண் வலது மேல் மூலையில் வர வேண்டும் என்று ஒரு வரைபடம் கொடுங்கள். சிமெண்ட் காயும் முன் ஓதத் தெரிந்த ஒருவர் நின்று பார்க்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சுருக்கமாகச் சொல்வோம்.

1. அரபு எழுத்து உள்ள எதையும், ஓதத் தெரிந்த இருவர் பார்க்காமல் அச்சுக்கோ சூளைக்கோ அனுப்பாதீர்கள். ஒருவர் எழுத்தைப் பார்க்கட்டும். மற்றவர் எண்களையும் தேதியையும் பார்க்கட்டும்.

2. திரையில் பார்த்ததோடு நிற்காமல், அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பின் புரூஃபைப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டரில் சரியாக இருந்தது இன்னொன்றில் குலையலாம்.

3. அரபு தனி வரியில். எண்ணுக்கு முன்னால் ஒரு தமிழ்ச் சொல்.

4. படத்தைத் திருப்ப வேண்டாம் என்று டிசைனரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

5. தெருவில் கிழிந்து விழும் போஸ்டரில் குர்ஆன் வசனம் தேவையா என்று ஒரு கணம் யோசியுங்கள். வசனத்தின் கருத்தைத் தமிழில் சொன்னாலே பல இடங்களில் போதும்.

6. செயலியில் குறை கண்டால் திட்டிவிட்டு அழித்துவிடாதீர்கள். எந்த சூரா, எந்த வசனம், எந்த போன் என்று குறிப்பிட்டு, திரைப் படத்தோடு தயாரித்தவருக்கு எழுதுங்கள். திருத்தம் வரும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஓர் ஆலிமும், கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் இளைஞரும் சேர்ந்து இந்தப் பொறுப்பை ஏற்கட்டும். நிகாஹ் அழைப்பிதழ் அச்சடிக்கும் குடும்பம் ஐந்து நிமிடம் அவர்களிடம் காட்டிவிட்டுப் போகலாம். விருத்தாசலம், மங்கலம்பேட்டை, நெல்லிக்குப்பம், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை என்று நம் கடலூர் மாவட்டத்தில் ஆலிம்களுக்கும் குறைவில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கும் குறைவில்லை. இருவரும் ஒரே மேசையில் உட்காருவதுதான் குறைவாக இருக்கிறது.

ஆலிமுக்கு எழுத்து தெரியும், மென்பொருள் தெரியாது. இளைஞருக்கு மென்பொருள் தெரியும், எழுத்து தெரியாது. கடைக்காரர் இருவரும் சொல்வதைக் கேட்கத் தயாராக இருக்கிறார், சொல்லத்தான் ஆளில்லை. ரமளானுக்கு முன்பே ஸஹர், இஃப்தார் நேர அட்டை அச்சுக்குப் போகும். இந்த முறை அதிலிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம்.

தன் வேதத்தைப் பிழையின்றி ஓதவும், பிழையின்றி எழுதவும், அதன் கண்ணியத்தைக் காக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.